குழியின் நிழல்

அலுமினியத் தகட்டின்மேல் சென்டர் பஞ்சை நிறுத்தி ஒரு தட்டுத் தட்டினால் விழும் குழி கடுகில் பாதிதான் இருக்கும். டிரில் பிட்டின் முனை அந்தக் குழிக்குள் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் ஓட்டை நினைத்த இடத்தில் விழும். உட்காராவிட்டால் முனை வழுக்கி, தகட்டில் ஒரு கீறலைப் போட்டுக்கொண்டே நகர்ந்து, வேறெங்கோ இறங்கிவிடும். பிட்டின் முனையை எல்லோரும் ஊசி மாதிரி நினைத்துக்கொள்கிறோம். கிட்டே வைத்துப் பார்த்தால் தெரியும், இரண்டு வெட்டு விளிம்புகள் சந்திக்கிற இடத்தில் குட்டி உளி ஒன்று குறுக்கே படுத்திருக்கிறது. அந்த உளி வெட்டுவதில்லை. உலோகத்தைத் தேய்த்து ஒதுக்குகிறது. குழி பிடித்து நிறுத்தாவிட்டால் அது தடுமாறத்தான் செய்யும். ஓட்டை விழுந்த பிறகு தவறைத் திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. குறி இருந்த இடமே ஓட்டைக்குள் போய்விடுகிறது.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு சின்ன பென்ச் டிரில்லிங் மெஷின் இருக்கிறது. 10 மி.மீ. வரை பிடிக்கும் சக், ஐந்து படிப் புல்லி, கையகல மேஜை. பிழைப்புக்கு வேறு வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் செய்வதற்காக இதை வாங்கினேன். 16 கால் ஐ.சி. ஒன்றுக்கு 16 ஓட்டை வேண்டும். காலுக்கும் காலுக்கும் 2.54 மி.மீ. இடைவெளி, ஓட்டை 0.8 மி.மீ., அதைச் சுற்றியுள்ள செம்பு வட்டத்தின் குறுக்களவு ஒன்றரை மில்லிமீட்டர். ஓட்டை கால் மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் செம்பு ஒரு பக்கம் நூலாக மெலிந்துவிடும், ஈயம் ஒட்டாது. நாற்பது வயதில் இதையெல்லாம் வெறுங்கண்ணால் போட்டேன். இப்போது 52. 16 ஓட்டையில் நாலைந்து கோணலாகப் போக ஆரம்பித்தபோது முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டேன். சக்கில் ஆட்டம் இருக்கிறதா என்று டயல் வைத்துப் பார்த்தேன். புது பிட் வாங்கினேன். பெல்ட்டை இறுக்கினேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை.

வெள்ளெழுத்து என்ற சொல்லைப் போலப் பொருத்தமான பெயர் ஒரு நோய்க்கும் அமைந்ததில்லை என்று நினைக்கிறேன். கண்ணின் லென்ஸ் இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதன்மேல் குவிய மறுக்கும்போது எழுத்து மறைவதில்லை, வெளுத்துத்தான் போகிறது. குழியும் அப்படித்தான். அது அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், விரலால் தடவினால் தட்டுப்படுகிறது, கண்ணுக்கு மட்டும் வெள்ளையில் வெள்ளையாகக் கரைந்துவிடுகிறது.

அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு 81 வயது. கிண்டித் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் டூல் ரூமில் 26 வருடம் ஃபிட்டராக இருந்தவர். பின்கட்டுக்கு வந்தார், தகட்டைக் கையில் எடுத்தார். குழியைத் தேடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தகட்டை ஏறக்குறையக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் படுக்கையாகப் பிடித்து மெல்லச் சாய்த்தார். ஒரு கோணம் வந்ததும் நிறுத்தி, “இதோ” என்றார். எட்டிப் பார்த்தேன். குழியின் ஒரு பாதி கறுப்பு, எதிர்ப்பாதி பளிச்சென்று வெள்ளை. மூன்றாம் பிறை மாதிரி இரண்டு கீற்றுகள் எதிரெதிரே நின்றன.

“வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு பாருப்பா. எவ்ளோ வருதுங்கிறத அப்புறம் பாத்துக்கலாம்.”

அவர் சொன்னதன் அருமை எனக்கு அப்போது முழுதாக விளங்கவில்லை. வெளிச்சம் போதவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில், பைக் ஹெட்லைட்டுக்குள் மாட்டுகிற ஏஞ்சல் ஐ வளையம் ஒன்று வாங்கினேன். வட்டமான பட்டையில் எல்.இ.டி. அடுக்கியிருக்கும், 12 வோல்ட் போதும். அதன் உள்வட்டம் சக்குக்கு மேலே இருக்கும் கழுத்தைச் சுற்றிச் சரியாக உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பில் ஒட்டி, ஒயரைத் தூணோடு கட்டி, பழைய மோடம் அடாப்டர் ஒன்றில் கொடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் மேஜை முழுக்கக் கல்யாண மண்டபம்போல வெளிச்சம். பிட்டைச் சுற்றி எந்தப் பக்கமும் நிழலே இல்லை.

குழியும் இல்லை.

அன்று இரவு அந்தத் தகட்டையும் வளையத்தையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். குழி என்பது நிறத்தில் தகட்டிலிருந்து வேறுபட்டதல்ல, அதே அலுமினியம்தான். ஒரு சரிவு வெளிச்சத்தைக் கண் பக்கம் திருப்புகிறது, எதிர்ச்சரிவு வேறு பக்கம் திருப்புகிறது. அந்த வேறுபாட்டைத்தான் குழி என்று நம் கண் படிக்கிறது. எல்லாப் பக்கத்திலிருந்தும் சமமாக வெளிச்சத்தைக் கொட்டினால் எல்லாச் சரிவும் ஒன்றுபோல ஒளிரும். படிப்பதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை. நிழலில்லாத வெளிச்சம் மேலானது என்று விளக்கு விற்கும் கடைகளில் கேட்டுக் கேட்டு நானும் நம்பியிருந்தேன். அறுவைசிகிச்சை மேஜைக்கு அது சரி. கீறிய கோட்டையும் தட்டிய குழியையும் தேடுகிறவனுக்கு நிழல்தான் எழுத்து.

கோயில் சுவரில் தேய்ந்துபோன கல்வெட்டைப் படிக்கப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. வெயில் சுவரை உரசிக்கொண்டு விழும் நேரம் பார்ப்பார்கள்; அந்த நேரம் வாய்க்காவிட்டால் டார்ச்சைச் சுவரோரமாகப் பிடிப்பார்கள். நேராக அடித்தால் வெறும் கல், சாய்த்து அடித்தால் எழுத்து. ஓலையில் எழுதியவர்களோ வேறு வழி கண்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கீறத்தான் செய்யும், மை விடாது. எழுதி முடித்த ஏட்டின்மேல் கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால், கீறலுக்குள் கறுப்பு தங்கி எழுத்து துலங்கும். அப்பா காலத்து ஃபிட்டர்களும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தார்கள். இரும்புத் தகட்டில் மயில்துத்தக் கரைசலைத் தடவுவார்கள். இரும்பின்மேல் மெல்லிய செம்புப் படலம் படியும். காய்ந்த பிறகு ஸ்க்ரைபரால் கோடு போட்டால், செம்புச் சிவப்புக்கு நடுவே இரும்பின் வெள்ளைக் கோடு மின்னும். வார்ப்பிரும்பின் சொரசொரப்புக்குச் சுண்ணாம்பு பூசுவார்கள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவுக்குப் போகும் பையன்களுக்கு இன்றும் இது பாடம். அலுமினியத்துக்கு நான் நீல மார்க்கர் பேனாவைத் தேய்த்துக்கொள்கிறேன். கோட்டுக்கு அது போதும். குழிக்கு மட்டும் சாய்ந்த வெளிச்சத்தை விட்டால் வேறு கதி இல்லை.

சாய்ந்த வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவின் மெஷின் நினைவுக்கு வந்தது. ஊசிப் பக்கம் குனிந்து நிற்குமே, காந்த அடியும் வளையும் கழுத்தும் உள்ள எல்.இ.டி. விளக்கு, அதில் ஒன்று வாங்கி என் டிரில் மெஷின் தூணில் ஒட்டவைத்தேன். கழுத்தை வளைத்து, மேஜை மட்டத்துக்கு இரண்டு விரற்கடை உயரத்தில், இடது பக்கத்திலிருந்து தகட்டின்மேல் உரசும்படி விட்டேன். குழி மூன்றாம் பிறையோடு திரும்ப வந்தது. பிட்டை இறக்கும்போது இன்னொரு வரவும் கிடைத்தது. பிட்டின் நிழல் வலப்பக்கமிருந்து தகட்டின்மேல் நகர்ந்து வந்தது. முனை கீழே வர வர நிழலின் முனையும் கிட்டே வந்தது. இரண்டும் தொடப்போகும் இடத்தில் குழி இருந்தால் சரி, இல்லாவிட்டால் தகட்டை நகர்த்த வேண்டும். முனை தகட்டைத் தொட இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒற்றைக் கண்ணாலும் சொல்லிவிடலாம். இந்த மெஷினில் இதற்குமுன் இப்படி ஓர் அளவுகோல் எனக்கு அகப்பட்டதில்லை.

அந்த விளக்கில் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. சொல்லாமல் விடக்கூடாது.

சின்ன பிட்டுக்கு வேகம் வேண்டும் என்பதால் பெல்ட்டை மேல் படிக்கு மாற்றியிருந்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டுத் தையல் மெஷின் விளக்கை மட்டும் போட்டு மோட்டாரை ஓட விட்டேன். பிட் மெதுவாக, பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிந்தது. அதன் முறுக்குகளை எண்ணிவிடலாம்போல் இருந்தது. முனையில் ஓர் அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தட்டிவிடக் கை போய்விட்டது. மோட்டாரின் சத்தம்தான் நிறுத்தியது.

நடந்தது இதுதான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. விளக்குகளில் அதை நேராக்கிச் சமப்படுத்தும் பாகங்களைக் குறைத்துவிடுகிறார்கள். அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை எரிந்து அணைகிறது. கண்ணுக்கு அது தெரியாது. பிட் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50. அதாவது ஒவ்வொரு மின்னலுக்கும் அரைச் சுற்று. பிட்டில் இருப்பது இரண்டு முறுக்கு. அரைச் சுற்று திரும்பியதும் ஒன்றின் இடத்தில் மற்றது வந்து நிற்கும், ஆகவே பிட் அசையாமல் நிற்பதாகவே கண் நம்பும். வேகம் 3000-க்குக் கொஞ்சம் குறைந்தால் மெல்லப் பின்னால் போகும். என் மெஷினில் நடந்தது அதுதான். மூன்று தாடை கொண்ட சக் 2000 சுற்றில் இதே மாயத்தைக் காட்டும். ஒரு மின்னலுக்கு மூன்றில் ஒரு சுற்று. சின்ன மெஷின்களின் புல்லிப் படிகள் இந்த இரண்டு எண்களையும் சுற்றித்தான் இருக்கின்றன.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் ஏதுமில்லை. “டியூப்லைட்டு வந்த புதுசுலயே சொல்லிருவாங்க. அடுத்தடுத்த லைட்ட வேற வேற ஃபேஸ்ல போடுவாங்க. லேத்து மேல மட்டும் குண்டு பல்புதான்.” மூன்று ஃபேஸில் பிரித்துப் போட்டால் ஒன்று அணையும்போது இன்னொன்று எரியும். குண்டு பல்பின் இழையோ சூடாறுவதற்குள் அடுத்த சுழற்சி வந்துவிடும், ஒளி அவ்வளவாக ஏறி இறங்காது. மெஷின் விளக்குக்கு 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் தனியாக வைத்ததும் அந்தத் தலைமுறைதான். ஒயரைச் சீவல் அறுத்தாலும் ஆளைக் கொல்லாது. அந்த அறிவெல்லாம் குண்டு பல்போடு சேர்ந்து போய்விட்டதோ என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். தையல் விளக்கின் தலையைக் கழற்றினேன். அதே வளையும் கழுத்தில் 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையில் மூன்று துண்டை ஒட்டி, வளையத்துக்குப் போகும் அடாப்டரிலேயே இணைத்தேன். அடாப்டர் தருவது சீரான நேர்மின்சாரம். இப்போது சுற்றும் பிட் சுற்றுவதாகவே, சாம்பல் நிற மூட்டமாகவே தெரிகிறது.

வளையத்தை எறிந்துவிடவில்லை. இரண்டுக்கும் தனித்தனிச் சுவிட்ச். குழியைத் தேடும்போது சாய்வு விளக்கு மட்டும். முனை உட்கார்ந்து வெட்டத் தொடங்கியதும் வளையம். சீவல் எப்படி வருகிறது, எண்ணெய் போதுகிறதா, வைஸ் நகர்கிறதா என்று பார்க்கப் பரந்த வெளிச்சம்தான் நல்லது. பளபளப்பான தகட்டில் வளையத்தின் புள்ளிகள் நட்சத்திரம் நட்சத்திரமாகப் பிரதிபலித்துக் கண்ணைக் குத்தின. பட்டர் பேப்பரை வளையமாக வெட்டி அதன்மேல் ஒட்டியதும் அடங்கின. தூணின்மேல், பிட்டுக்குப் பின்னால், ஒரு வெள்ளை அட்டையும் ஒட்டியிருக்கிறேன். 0.8 மி.மீ. பிட் அதன் முன்னால் கறுப்புக் கோடாகத் துலங்குகிறது. செலவில்லாத இந்த அட்டை, செலவழித்து வாங்கிய பலவற்றைவிட அதிகம் உதவுகிறது.

லென்ஸ் விஷயத்தில் நான் செய்த தவறு வலுவுக்கு ஆசைப்பட்டது. வாட்ச் ரிப்பேர்க்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்வார்களே, பத்து மடங்கு காட்டும் லென்ஸ், அதை மாட்டிக்கொண்டு மெஷின் முன்னால் குனிந்தேன். பத்து மடங்கு லென்ஸ் பொருளிலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் இருந்தால்தான் தெளிவு காட்டும். வாட்ச் அசையாமல் கிடக்கும். இங்கே சுற்றும் சக்குக்குப் பக்கத்தில் நெற்றியைக் கொண்டுபோக வேண்டும். அதைவிடக் கண்தெரியாமல் ஓட்டை போடுவது மேல். லென்ஸின் வலு கூடக் கூட முகம் கிட்டே போகும், தெளிவாகத் தெரியும் ஆழமும் குறையும்; குழி தெரிந்தால் முனை மங்கும், முனை தெரிந்தால் குழி மங்கும். 100-ஐ லென்ஸின் டயாப்டரால் வகுத்தால் எத்தனை சென்டிமீட்டரில் குவியும் என்று வந்துவிடும். 5 டயாப்டர் என்றால் 20 செ.மீ., 3 டயாப்டர் என்றால் 33 செ.மீ. கடைசியில் நான் நின்றது மூன்றில். ஒன்றே முக்கால் மடங்குதான் பெரிதாகக் காட்டும். ஆனால் முகம் ஓரடி தள்ளி நிற்கிறது, இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது, முனையும் குழியும் ஒன்றாகத் தெரிகின்றன. தலையில் பட்டியாக மாட்டுவதை வாங்கினேன். அதன்கீழே கண்ணை முழுக்க மூடும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயம் போட்டுக்கொள்கிறேன். உருப்பெருக்கிக் கண்ணாடி கவசமாகாது, பக்கவாட்டில் வரும் சீவலுக்கு அது திறந்த வாசல்தான். கழற்றியதும் பெட்டிக்குள் வைத்து மூடுவதும் கட்டாயம். ஒருநாள் ஜன்னல் திட்டில் விட்டுவிட்டுப் போனேன். காலை வெயில் அதன் வழியே குவிந்து, மேஜை விரிப்பில் பொட்டளவு கருக்கியிருந்தது.

குறுக்குக்கோடு லேசரும் பார்த்தேன். தூணின் இரு பக்கமும் ஒவ்வொன்று மாட்டினால் பிட் இறங்கும் இடத்தில் இரண்டு சிவப்புக் கோடுகள் வெட்டிக்கொள்ளும். இதன் கணக்கு அழகானது. ஒவ்வொரு லேசரும் ஒரு கோடாகத் தெரிந்தாலும் அது வீசுவது விசிறிபோன்ற ஒரு தளத்தை. இரண்டு தளங்களும், சக்கைச் சுற்றவைக்கும் ஸ்பிண்டிலின் அச்சு வழியாகச் செல்லும்படி நிறுத்திவிட்டால், மேஜையை ஏற்றினாலும் இறக்கினாலும் கோடுகள் அச்சின்மேலேயே வெட்டிக்கொள்ளும். ஒருதரம் சரிசெய்தால் போதும். குறை என்னவென்றால் கோட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் வாக்கில் இருக்கிறது. நான் தேடும் ஓட்டையே 0.8. மரவேலைக்காரர்களுக்கு மனதாரச் சொல்வேன், ஒரு மில்லிவாட்டுக்குக் கீழ் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், பளபளப்பான உலோகத்தின்மேல் அடிக்காதீர்கள். என் வேலைக்கு அது ஆகவில்லை.

ஸ்பிண்டிலுக்குள்ளேயே கண்ணை வைத்துவிட்டால் என்ன என்ற யோசனை பழையது. 1862-இல் ஜெனீவாவில் தொடங்கிய எஸ்.ஐ.பி. என்ற நிறுவனம் முதலில் விஞ்ஞான அளவுக் கருவிகள் செய்தது. பிற்பாடு, ஓட்டைகளை மிகத் துல்லியமான இடத்தில் போடும் ஜிக் போரிங் மெஷின்கள் செய்து பேர் வாங்கியது. அந்த மெஷின்களில் கட்டர் இருக்கும் இடத்தில் சிலுவைக்கோடு போட்ட மைக்ரோஸ்கோப்பை மாட்டிக் குறியைக் கோட்டுக்கு நேரே கொண்டுவருவார்கள். பிறகு அதை எடுத்துவிட்டுக் கட்டரை மாட்டினால் அச்சு மாறாது. பார்ப்பதும் வெட்டுவதும் ஒரே அச்சில் என்பது அதன் சாரம். அதை வீட்டுக்குக் கொண்டுவர மைக்ரோஸ்கோப் தேவையில்லை, ஒரு சாண் அக்ரிலிக் தண்டு போதும்.

இதைச் செய்தபோது கிடைத்த சந்தோஷத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அக்ரிலிக் தண்டில் ஒரு துண்டை வெட்டிச் சக்கில் மாட்டி, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, உப்புத்தாளால் அதன் ஒரு முனையை லேசான குவடாக உருட்டினேன். தண்டின் நீளம் அந்தக் குவட்டின் ஆரத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருக்க வேண்டும். அப்போதுதான் அடிப்பரப்பு அந்தக் குவட்டின் குவியத்தில் வந்து நிற்கும். அடிமுனையைக் கண்ணாடிமேல் 400, 800, 2000 என்று தாளை மாற்றி மாற்றித் தட்டையாகத் தேய்த்தேன். கடைசியில் பிராசோ. பால்போல மங்கியிருந்த தண்டு, துணியில் நாலு இழுப்பு இழுத்ததும் நீர்போலத் தெளிந்தது. தண்டைத் திரும்பச் சக்கில் மாட்டி, சக்கைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே ஊசியால் அடிமுனையின் நடுவில் தொட்டேன். அச்சின்மேல் ஒரு புள்ளி விழுந்தது. அதில் கறுப்பு மையைத் தேய்த்துத் துடைத்தேன். ஓலைக்குச் செய்ததுபோல.

தண்டு வழுகி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்ட கனத்த பித்தளைக் கட்டை ஒன்று அதற்குத் துணை. கட்டையைத் தகட்டின்மேல் வைத்துத் தண்டை நுழைத்து மேலிருந்து பார்த்தால், ஸ்க்ரைபர் போட்ட குறுக்குக் கோடுகள் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரிகின்றன. கறுப்புப் புள்ளியைச் சந்திப்பின்மேல் கொண்டுவந்து, கட்டையை அசையாமல் அழுத்திக்கொண்டு, தண்டை எடுத்துவிட்டு அதே ஓட்டையில் அதே தடிமனுள்ள பஞ்சை விட்டு ஒரு தட்டு. முதல் தகட்டில் எட்டுக் குறி தட்டினேன். எட்டும் சந்திப்பின்மேலேயே விழுந்திருந்தன. ஓட்டை இடம் மாறிப் போவதில் பாதிக்குமேல் டிரில் மெஷினுக்கு வருவதற்கு முன்பே, பஞ்ச் அடிக்கும்போதே நடந்துவிடுகிறது என்பது அன்றுதான் புரிந்தது. இத்தனை நாள் மெஷினுக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தேன். வெளிச்சம் முதலில் வேண்டியிருந்தது சுத்தியல் பிடிக்கும் மேஜைக்கு.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1995-இல், அவருக்கு 51 வயதில், அவர் போட்ட ஓட்டைகள் தள்ளி விழுவதாகச் சொல்லி டூல் ரூமிலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். மீதி வருடங்கள் போல்ட் எண்ணிக் கொடுத்தார். கை போய்விட்டது என்று சொன்னார்கள், அவரும் அப்படியே நம்பினார். அந்தப் பட்டறையில் டியூப்லைட் 12 அடி உயரத்தில் தூசி பிடித்துத் தொங்கியது எனக்கு நினைவிருக்கிறது. பள்ளிக்கூட விடுமுறையில் சாப்பாடு கொண்டுபோவேன். லேத்துக்குத் தனி விளக்கு உண்டு, டிரில்லுக்கு இல்லை. 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் சேர்ந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளிக்கிறது. அதே சமயம், சின்ன பல்பு ஒன்றை 12 அடியிலிருந்து ஓரடிக்கு இறக்கினால் தகட்டின்மேல் விழும் வெளிச்சம் 144 மடங்காகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 17-ஆம் பிரிவில் போதுமான, தகுந்த வெளிச்சம் தர வேண்டும் என்றது. கண்கூசும் ஒளியும், கண்ணைச் சோர்விக்கும் நிழலும், விபத்துக்கு வழிவைக்கும் நிழலும் கூடாது என்றும் அதிலேயே இருந்தது. அப்பாவின் மேஜைமேல் ஒரு விளக்கை இறக்கிப் பார்க்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு. அவருடைய கையில் ஒரு பிசகும் இருந்ததில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அவருக்குக் கண்புரை அறுவைசிகிச்சை நடந்தது. கட்டு அவிழ்த்ததும், “என்னப்பா, சட்டையெல்லாம் நீலம் போட்டாப்ல இருக்கு” என்றார். மஞ்சளித்த லென்ஸ் வழியாக எத்தனை வருடம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை அவரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். தலைப்பட்டியை மாட்டிவிட்டேன். சாய்வு விளக்கை அவர் உயரத்துக்குச் சரிசெய்தேன். அவர் விளக்கின் கழுத்தைப் பிடித்து இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கினார். அக்ரிலிக் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. குறி தட்டினார். பிறகு மெஷினில் 3 மி.மீ. பிட்டை மாட்டி, நிழலும் முனையும் சேரும்வரை இறக்கி, ஒருதரம் முன்னாலிருந்தும் ஒருதரம் பக்கத்திலிருந்தும் பார்த்துவிட்டுக் கைப்பிடியை இழுத்தார். ஆறு ஓட்டை. வெர்னியர் வைத்துப் பார்த்தேன். மையத்துக்கு மையம் 20 மி.மீ. வர வேண்டும்; எந்த இரண்டுக்கும் நடுவிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குமேல் வித்தியாசம் இல்லை. அப்பா வெர்னியரை வாங்கித் தானும் ஒருதரம் அளந்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு டீ கேட்டார்.

இப்படி ஒரு மெஷின் உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ இருந்தால் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். அதன்மேல் எரியும் விளக்கைக் கைபேசிக் கேமராவின் ஸ்லோமோஷனில் பாருங்கள். படத்தில் விளக்கு விட்டுவிட்டுத் துடித்தாலோ பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினாலோ, அந்த விளக்கை இன்றைக்கே கழற்றிவிட்டு நேர்மின்சாரத்தில் எரியும் ஒன்றை மாட்டுங்கள். மாட்டும்போது கொஞ்சம் பக்கவாட்டில், தாழ்வாக மாட்டுங்கள்.